தரச்சீட்டு

சுங்கை சிப்புட் ஆலைக்கு வரும் ஒவ்வொரு லோரியிலும்
ஐம்பது செம்பனைக் குலையை இழுத்துப்போட்டு
கொக்கியால் புரட்டிப் பார்ப்பது என் வேலை.
பழுத்தது, காய், அழுகல், நெடுங்காம்பு.
சீட்டில் நாலு கட்டம்.
நாலிலும் அடங்காத குலை
பத்தொன்பது வருடத்தில் ஒன்றுகூட வந்ததில்லை.

கழுத்தில் கட்டி வந்தபோது
டவுன் கிளினிக்கில் காசநோய் என்றார்கள்.
மாத்திரை தின்றேன்.
மூத்திரம் செம்பனை எண்ணெய் நிறத்தில் போனது.
கட்டி மட்டும் காதில் வாங்கவில்லை.
அக்குளில் ஒன்று, தொடையிடுக்கில் இரண்டு
என்று ஆள் சேர்த்தது.
நடுராத்திரியில் நனைந்த சட்டையை
விளக்குப் போடாமலே கழற்றி
வேறு மாட்டிவிடுவாள் பொன்னுருவி.
இருட்டில் அவள் முகம் பார்க்கவேண்டியதில்லை.
அதற்காகத்தான் விளக்குப் போடவில்லை என்று
இப்போது தோன்றுகிறது.

ஈப்போவில் முதலில் ஊசியால் உறிஞ்சினார்கள்.
"செல் இருக்கு, அமைப்பு தெரியல,
முழுக் கட்டியையும் எடுக்கணும்" என்றார் டாக்டர் யாப்.
மருத்துவர் சொன்னதில்
எனக்கு உடனே புரிந்தது இது ஒன்றுதான்.
தரையில் கிடக்கும் உதிரிப் பழத்தை வைத்து
குலை எப்படி அடுக்கியிருந்தது என்று
எவனாலும் சொல்ல முடியாது.

பாட்டிலில் ஒட்டியிருந்தது:
தேவராயன் ஆ/லெ கோவிந்தசாமி.
ஃபார்மலினில் மிதந்தது
பலாக்கொட்டை அளவு நான்.
அப்பா பெயரோடு.

மெழுகில் புதைத்து
மயிரிழையைவிட மெல்லிசாகச் சீவி
கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்களாம்.
ஒரு சாயத்துக்குப் பழுப்பாகப் பிடித்தது,
ஒன்றுக்கு வெறும் நீலம்.
பி செல் பக்கம் கை காட்டியது ஒன்று,
டி செல் பக்கம் இன்னொன்று.
பழைய வைரஸ் ஒன்று உள்ளே குடியிருக்கிறது என்று
மூன்றாவது போட்டுக்கொடுத்தது.
கடைசியில் தாளில் வந்தது:
புற்று என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை,
இல்லை என்றும் சொல்வதற்கில்லை.

நான் இப்படி எழுதினால்
மேனேஜர் சீட்டைக் கிழித்து
என் சட்டைப்பையிலேயே செருகுவார்.

மெழுகுக்கட்டி கோலாலம்பூருக்குப் போனது.
நான் போகவில்லை.
ஐந்து வாரம்
லோரி வந்தது, புரட்டினேன், எழுதினேன்.
கொக்கி வலது கையில்,
இடது கை கழுத்தில்.
"என்னண்ணே, சுளுக்கா?" என்றான் டிரைவர் அமலன்.
ஆமாம் என்றேன்.

பெயர் வந்தது.
டாக்டர் ஹஸ்லினா அதை
இரண்டு மூச்சு எடுத்துச் சொன்னார்.
டி செல்தான் திருடன்,
பி செல் கூட்டத்தில் நின்ற அப்பாவி என்றார்.
ஏதோ ஒரு மரபணுவில் பதினேழாம் இடத்தில்
ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம்.
"ஒரே எழுத்தா?"
"ஒரே எழுத்து."
குலைக்கும் கொலைக்கும் அவ்வளவுதானே.
மலாயில் இதை எப்படிச் சொல்வது?
தலையை ஆட்டினேன்.

பஸ்ஸில் பொன்னுருவி கேட்டாள்,
"பேரு வச்சிட்டாங்களா?"
ஏதோ பிள்ளைக்குக் கேட்பதுபோல.
"வச்சிட்டாங்க."
"சொல்லு."
பாதிதான் வாயில் நின்றது.
மீதியை அவள் தாளைப் பிரித்து
எழுத்துக் கூட்டி வாசித்தாள்,
சிம்மோர் தாண்டும்வரை.

பெயர் தெரிந்தால் மருந்து தெரியும்.
மருந்து கேட்குமா என்பது
எந்தச் சாயத்திலும் தெரியாதாம்.
வியாழக்கிழமை முதல் ஊசி.

இன்று புதன்.
மேடையில் ஒரு குலை.
ஒரு பக்கம் கனிந்து சிவந்து,
மறுபக்கம் கறுத்த காய்,
நடுவில் என்னவென்றே தெரியாத ஒரு சாம்பல்.
வெகுநேரம் நின்றேன்.

ஒன்றுகூட வந்ததில்லை என்றேனே, அது பொய்.
வந்திருக்கும்.
எத்தனையோ வந்திருக்கும்.
அழுகலில் போட்டிருப்பேன்.

பின்னால் அமலன் ஹாரன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்.